மூப்பு எண் 412

இறங்குகையில் பார்க்கக் கூடாதுதான்.
நங்கநல்லூர் மொட்டைமாடிக் கொடியில்
என் நீலச் சட்டை.
உடுத்தி ஒரு மாதமாகிறது,
ஏன் துவைத்தாள்?

மீனம்பாக்கத்தில் நாற்பது நிமிடம் தரை.
என் பேஸ் குவாஹாட்டி.
சென்னை கேட்டு நாலாவது வருஷம்.

காகிதக் கோப்பையில் டீ. வெளியே
எரிபொருள் ஏறிக்கொண்டிருந்தது.
"விலையும் ஏறுது சார்,
புது விமானம் ஆறும் வராதாம்.
யாராச்சும் ரிட்டையர் ஆனாத்தான்" என்றான்
துணை விமானி எழில்வாணன்.

சென்னை கேப்டன்களில்
யாருக்கு எப்போது அறுபத்தைந்து,
எனக்கு மனப்பாடம்.
ஞானாபரணம் சாருக்கு மார்ச் ஒன்பது.
அவருக்கு மெடிக்கலில் ஏதோ சிக்கலாம் என்றதும்
"அப்படியா?" என்றேன்,
கொஞ்சம் வேகமாகவே.

எழில்வாணன் சிரிக்கவில்லை.
செக்லிஸ்டை எடுத்தபடி கேட்டான்:
"நீங்க எந்த வருஷம் சார் பிறந்தீங்க?"