ராத்திரித் தண்ணீர்

நாகலூர் வழியில், சில்வர் ஓக் மரங்களுக்கிடையே
வேனை நிறுத்திய முதல் இரவே தெரிந்துவிட்டது,
கட்டிலுக்கடியில் ஒரு மாவு மில்லை வைத்துக்கொண்டு
மலையேறியிருக்கிறோம் என்று.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு
பலகை, தட்டு, கரண்டி, என் கடைவாய்ப் பல்
எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன.
எஸ்டேட் நாய்கள் பதில் குரைத்தன.

மறுநாள் இருபது கொண்டை ஊசியும் இறங்கி
செவ்வாய்ப்பேட்டையில் ரப்பர் தேடினேன்.
"எதுக்குங்க?"
"சத்தத்தை நிறுத்த."
"வீட்டுக்காரரையா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

பம்பின் நாலு காலுக்கும் ரப்பர்,
அதற்கும் அடியில் பழைய யோகா பாய்.
திருகாணியை முழுக்க இறுக்கினால்
ரப்பரும் பலகையாகிவிடும்;
இரண்டு முறை கழற்றி மாட்டியபின் புரிந்தது.
விறைத்த குழாயை எடுத்துவிட்டு
வளைகிற ஓஸை ஒரு சுற்று சுற்றி விட்டேன்.
அது மரத்தை உரசும் இடங்களில்
மாதேசனின் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகள்.
செருப்பை அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

குழாயைத் திறந்தோம்.
பூனை பால் நக்குகிற அளவுக்கு ஒரு சத்தம்.
மாதேசன் கைதட்டினான்,
பம்பைவிட உரக்க.

இரண்டு மணிக்குப் புரண்டால்
பக்கத்தில் ஆள் இல்லை.
சர்க்கரை வந்ததிலிருந்து ராத்திரித் தாகம் அவனுக்கு.
சேலத்து வீட்டில் கதவு கிறீச்சிடும்,
நேற்று பம்பு சொன்னது.

வேன் படியில் உட்கார்ந்திருந்தான்,
கையில் டம்ளர், காதுவரை மப்ளர்,
எதிரே பனி மூடிய மிளகுக் கொடி.
"எழுப்பிட்டேனா?"
"இல்லை," என்றேன்.
"அதான் வந்தேன்."