நூற்று நாற்பத்தேழாவது கடிதம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
உறைந்த ஆற்றின் மேல் யாரோ நாயை நடத்திப் போகிறார்கள்.
மூன்றாம் மாடியில் நான்
பிறர் மின்னஞ்சல்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
படிக்க அல்ல, பிரிக்க:
தலைப்பு எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது,
இணைப்பு எத்தனை, எழுத்துமுறை எது.
படிக்கமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நூலகம் லிஸ்பில் எழுதியது. எழுதிய காரெல்
வேலை மாறி பெர்கனுக்குப் போய்விட்டார்.
குறிப்பு எதுவும் வைக்கவில்லை.
ஒவ்வொரு செயற்கூற்றின் கடைசியிலும்
ஏழெட்டு மூடும் பிறைகள் மட்டும்
ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து
கடைசிப் பேருந்துக்கு நிற்பதுபோல் நிற்கின்றன.

என் பெயர் ஒன்னெ. எங்கள் மொழியில் அதிர்ஷ்டம்.
முதல் எழுத்தின் தலையில் ஓர் அலை உண்டு.
அந்த அலையைப் பல் மருத்துவர் ஒரு விதமாகவும்
விமான நிறுவனம் வேறு விதமாகவும் உடைத்து அனுப்பும்:
சமக்குறி, டி, ஐந்து.
வங்கிக்கோ நான் கேள்விக்குறியில் தொடங்குகிறவள்.
ஆகவே முதல் சோதனையை என் பெயருக்கே எழுதினேன்.
தோற்றது. திருத்தினேன். மறுபடி தோற்றது.
வியாழன் மாலை, பச்சை வரி ஒன்றில்,
அலை கலையாமல் வந்து சேர்ந்தேன்.

ஒழுங்கான கடிதங்களால் சோதனைக்குப் பயனில்லை.
எனக்கு வேண்டியவை போக்கிரிகள்.
லாட்டரி விழுந்ததாக வாழ்த்துகிறவன்
தேதியில் பிப்ரவரி முப்பத்தொன்று என்று போட்டிருந்தான்.
அவனை முத்தமிடலாம் போலிருந்தது.

இந்த மரபில் எனக்குப் பிடித்த விதி ஒன்று:
வெற்றிடத்தில் தொடங்கும் வரி
    தனி வரி அல்ல,
    முந்தையதின் மிச்சம்.

கணக்குப் பிரிவு லைடா தன் பழைய அஞ்சல்பெட்டியை
முழுசாகத் தூக்கிக் கொடுத்தாள்.
"எடுத்துக்கோ, எல்லாம் ரசீதுதான்."
நூற்று நாற்பத்தாறு வரை ரசீதுதான்.
அடுத்ததில் நிரல் உறைந்தது.

பல பகுதிக் கடிதத்தில் பகுதிக்கொரு எல்லைக்கோடு வரும்.
கடைசிக் கோட்டின் வாலில் இரண்டு சிறுகோடு கூடுதலாக இருக்கும்,
அவ்வளவுதான், இனி ஒன்றுமில்லை என்று.
இதில் அது வரவில்லை.
கடலில் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது.
காரெலின் நிரல், கோப்பு தீர்ந்த பிறகும்,
அடுத்த வரி, அடுத்த வரி என்று
கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் வேலை பார்த்த மற்ற மொழிகள் இடறினால் விழும்.
லிஸ்ப் இடறிய இடத்திலேயே நிற்கும்,
கையிலிருப்பதைக் கீழே போடாமல் கேட்கும்,
என்ன செய்யட்டும்?
பூஜ்யம்: மறுபடி முயல்.
ஒன்று: இந்தக் கடிதத்தைத் தள்ளு.
அதற்குக் கீழே நான் இரண்டைச் சேர்த்தேன்:
வந்தவரை ஏற்றுக்கொள்.
இரண்டை அழுத்தினேன்.

ஒரு படம் திறந்தது.
படம் பார்ப்பது படிப்பதில் சேருமா, தெரியவில்லை.
மேலே வானம், பிறகு பாய்மரக் கயிறு,
ஒரு கம்பளித் தொப்பி, நெற்றி, இடது புருவம்.
அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம்.

லைடாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடியை மேலேற்றினாள்.
"பத்தொன்பது வருஷமாய் இது திறக்கவே இல்லை."
தொப்பியைத் தொடப்போன விரல் திரைக்கு முன்னால் நின்றது.
"மிச்சத்தை எடுக்க முடியுமா?"
"மிச்சம் வரவே இல்லை, லைடா."
"சரி, புருவம் வில்லெமுடையதுதான்" என்றாள்.
வரித்தாக்கல் கடைசி நாள், கீழே போய்விட்டாள்.
வில்லெம் யார் என்று நான் கேட்கவில்லை.

பெயர்களை நீக்கி, படத்துக்குப் பதில் வெறும் நீலக் கட்டம் வைத்து,
அதே இடத்தில் அறுத்து,
சோதனையாகச் சேர்த்தேன்:
விடை, ஓர் உரை, ஒரு அரைப் படம், ஒரு எச்சரிக்கை.
பிழை அல்ல.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று மட்டும் இன்னும் சிவப்பு.
பிப்ரவரி முப்பத்தொன்றைத் தவறென்று திருப்புவதா,
மார்ச் மூன்று என்று பெரிய மனது பண்ணுவதா?
காரெலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.
இன்னும் வரவில்லை.