அறையின் அளவு

யார்க்டனில் அக்டோபர் மூன்றாம் வாரம்.
பேஸ்மென்ட் மேசையில் காபி டின்னைக் கவிழ்க்கிறேன்.
தொண்ணூற்றொரு வெற்றுத் தோட்டாக் கூடுகள்
மணியோசையும் இல்லை, சில்லறை ஓசையும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றாக உருள்கின்றன.

பாகப் பத்திரத்தில் எல்லாம் இருந்தது.
பிக்கப் லைலுக்கு. ஃப்ரீசர் எனக்கு.
அவன் துப்பாக்கி அவனுக்கு, என்னுடையது எனக்கு.
மான் கொம்புகளுக்குக்கூட ஒரு வரி.
பித்தளை மட்டும் இரண்டு வக்கீலுக்கும் தோன்றவில்லை.

எல்லாம் அவன் துப்பாக்கியில் வெடித்தவை.
வெடிக்கும் கணத்தில் பித்தளை விரிந்து
தான் இருந்த அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.
பிறகு சுருங்கும்,
முழுக்க அல்ல.
ஆகவே என் துப்பாக்கிக்குள்
முக்கால்வாசி போய் நிற்கின்றன.
போல்ட் மூட மறுக்கிறது.
நானும் வற்புறுத்தவில்லை.

அடியில் செத்த பிரைமரை ஊசியால் தள்ளினேன்,
டக், டக் என்று ஒரு மாலை முழுக்க.
அப்புறம் குளியல்.
லைல் இதற்கென்றே பன்னிரண்டு டாலருக்குப் பொடி வாங்குவான்.
நான் ரெஜைனாவில் வாங்கிய புளியைக் கரைத்தேன்.
பித்தளைக்கு என்ன போடுவதென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பித்தளைக்குத் தன் நாற்றம் தெரியாதாம்;
மருந்துக்கரியும் புளியும் கலந்த அந்த நாற்றம்
மாடிப்படி ஏறி என் தலையணை வரை வந்தது.

பகலில் எலிவேட்டரில் கோதுமையின் ஈரம் அளப்பவள் நான்.
இரவில் துண்டின்மேல் இவற்றின் ஈரம் காய்கிறது.
வாய், கழுத்து, தோள்:
குடத்துக்கு உள்ளதெல்லாம் இதற்கும் உண்டு,
விரல் நீளத்தில்.

வெளியே எல்லாம் பொன்போல.
உள்ளேதான் பார்க்க வேண்டும்.
பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து,
உட்சுவரை மெல்லக் கீறிக்கொண்டே போனால்
அடிக்குச் சற்று மேலே
சிலவற்றில் நுனி தட்டும்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம்.
அடுத்த வெடிக்கு அங்கேதான் அறும்.
பதின்மூன்றில் தட்டியது.
இடுக்கியால் நசுக்கினேன்,
யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது.

மீதிக்கு எண்ணெய் பூசி அச்சுக்குள் இறக்கினேன்.
எண்ணெய் கூடினால் தோள் நசுங்கும்,
குறைந்தால் உள்ளேயே சிக்கும்.
கைப்பிடியை அழுத்தும்போது
முதலில் ஒரு முரண்டு,
அப்புறம் வழிவிடுகிற மெத்து.
அந்த மெத்து எனக்குப் பிடித்திருந்தது.
ஏனென்று யோசிக்காமல் அடுத்ததை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை லைல் ஃபோன் செய்தான்.
"அந்தப் பித்தளை உன்னிடமா?"
"என்னிடம்தான். இப்போது உன் அளவில் இல்லை."
அவன் மூச்சு கேட்டது, பின்னால் ஒரு நாயும்.
எப்போது நாய் வாங்கினான்?
"எத்தனை தேறிச்சு?"
"எழுபத்தெட்டு."
நாய் இரண்டு முறை குரைத்தது.
"பரவாயில்ல," என்றான், தமிழில்.
பதினோரு வருஷத்தில் அவன் சரியாகக் கற்ற ஒரே சொல்.

டின்னுக்குப் புது மூடி தேட வேண்டும்.
நீளம் கூடியவற்றை இன்னும் வெட்டவில்லை.