முகவரி மூன்று

தண்டவாளத்தில் எந்நேரமும் கரண்ட் உண்டு.
நிற்கிற வண்டிக்குக் கீழேயும் அதே பதினைந்து வோல்ட்தான்.
சொன்னால் தேவஇரக்கம் நம்பமாட்டார்.
"பொறவு எப்படிட்டி ஒண்ணு நிக்கு, ஒண்ணு ஓடுது?"

எண்ணைச் சொல்லித்தான்.
கம்பி வழியே ஓயாமல் எண்கள் போகின்றன.
எஞ்சின் வயிற்றுக்குள் நகக்கண் அளவு டிகோடர்
எல்லாவற்றையும் கேட்கிறது,
தன் எண் வரும்வரை சும்மா கிடக்கிறது.

மகாராஜநகர் மாடிவீட்டில்
கழற்றிப் போட்ட கதவு ஒன்றை இரண்டு பீரோவுக்கு நடுவே கிடத்தி
தென்காசி, செங்கோட்டை,
தெர்மோகோலில் ஒரு மலை, அதில் ஒரு குகை.
நைட் டூட்டி முடிந்து தூங்குமுன் அரைமணி நேரம்.
ஊசிக்கு முன் கையைத் துடைக்கிற அதே ஸ்பிரிட் பஞ்சால்
தண்டவாளத்தைத் துடைப்பேன்.
கறுப்பாக வரும்.

போன மாதம் அரியர் வந்தது.
புது டீசல் எஞ்சின், நீலம்.
செங்கோட்டையில் வைத்து, மூன்றை அழுத்தி,
குமிழை லேசாகத் திருகினேன்.
குகைக்குள் நின்ற பழையதும்
"என்னையா?" என்று கிளம்பிவிட்டது.
முகத்துக்கு முகம் பார்க்க வைத்தவள் நான்தானே.
கை பூஜ்யத்துக்கு வருமுன்
தென்காசிக்கு இந்தப் பக்கம்
டொக்.

கம்பெனியிலிருந்து எல்லாமே மூன்றாகத்தான் வருகின்றன.
இரண்டு வருடம் அது தெரியவே இல்லை.
ஒற்றையாய் இருந்தால் எந்த எண்ணும் போதும்.

ஹைகிரவுண்டில் எங்கள் வார்டில்
இசக்கி என்று கூப்பிட்டால் நாலு தலை நிமிரும்.
ஒருநாள் சுகர் மாத்திரை
பக்கத்துக் கட்டிலுக்குப் போகப் பார்த்தது.
அன்றிலிருந்து எண்தான்.
மூணு, பிரஷர் பாக்கணும்.
மூணு, சாப்பிட்டாச்சா?
"ஆச்சு சிஸ்டர்" என்பார் மூணு.

நேற்று சமாதானபுரம் ஸ்டாப்பில்
வாழைத்தாரோடு ஒருவர் சிரித்தார்.
"தெரியலையா சிஸ்டர்? நான்தான் மூணு."
சட்டை போட்டிருந்தார், அதனால்தான்.
மாத்திரையை விசாரித்தேன், காலில் வீக்கத்தை விசாரித்தேன்.
பதினோரு நாள் நரம்பு தேடிய கை.
பேரைக் கேட்க வாய் வரவில்லை.
திருச்செந்தூர் பஸ் வந்துவிட்டது.

காலையில் புது எஞ்சினைத்
தனியே வெட்டிவைத்த ஒரு சாண் தண்டவாளத்தில் நிறுத்தி
நாற்பத்தேழு என்று எழுதினேன்.
ஒரு துடி துடித்தது. சரி என்பதற்கு அதுதான் பாஷை.
"ஒரு பேரு வையேன்ட்டி" என்றார் தேவஇரக்கம்,
இட்லியோடு.
பேர் அதற்குப் புரியாது என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ராத்திரி டிஸ்சார்ஜ் நோட்டைப் புரட்டினேன்.
பதினேழாம் தேதி, கட்டில் மூன்று:
மாசானமுத்து, 58, வாழை வியாபாரம்.
வார்டு முழுக்க ஒரே ஒரு மாசானமுத்து.
கூப்பிட்டிருந்தால்
அவர் மட்டும்தான் திரும்பியிருப்பார்.

இப்போது அந்தக் கட்டிலில் வேறு ஆள்.
கேஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு
உங்க பேரு என்ன அண்ணாச்சி என்றேன்.

"இசக்கி" என்றார்.

ஜன்னலோரம் இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள்.