கொக்கி

தேக்கு நிலையின் அடிவிளிம்பை
இரண்டே இரவில் கடித்துத் துப்பியிருந்தது சுக்கு.
பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரமாம்.
எட்டுப் பங்காளிகளுக்கும் படம் போய்விட்டது,
ஏழு பேர் பதிலே போடவில்லை.
சொக்கலிங்கம் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார்:
"நாயா வீடா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க சிஸ்டர்."

பஸ் பார்சலில் வந்திறங்கியது கூண்டு.
மூன்றடி நீளம். கறுப்புக் கம்பி.
இழுத்துக் கழுவ அடியில் ஒரு தட்டு.

இந்தப் பள்ளத்தூர் வீட்டில்
முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஓடினால்
ஒரு நாய்க்கு மூச்சு வாங்கும்.
வளவைச் சுற்றி எட்டு அறை, எட்டுப் பூட்டு,
படைப்புக்கு வந்து திறந்தால் உண்டு.
பின்கட்டில் ஒரு மூலை எனக்கு வாடகைக்கு.
அந்த மூலையில் ஒரு மூலை
இனி சுக்குக்கு.

"குகை மாதிரி நினைச்சுக்கும்.
மேலே ஒரு போர்வை போடுங்க,
தண்டனைக்கு மட்டும் உள்ளே தள்ளாதீங்க"
என்றார் கோட்டையூர் கால்நடை டாக்டர்.
பெயர்ப்பலகையில் அவர் பேர் அடைக்கலம்.
அடைப்பு, அடைக்கலம் என்று
பஸ் வரும் வரை
வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஆக்னஸுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.
"ஓர் உயிரை அடைச்சுப் போட்டுட்டு வந்து
இங்க உயிரைக் காப்பாத்துறியாக்கும்."

என் ராத்திரிகள் குறைமாதப் பிள்ளைகளோடு.
பக்கத்து ஓட்டை வழியே கையை விட்டு
கட்டைவிரல் பருமன் காலைத் தொடுகிறேன்.
கண்ணாடிப் பெட்டிதான் அதற்கு உயிர்.
யாரும் அதைப் பாவம் என்பதில்லை.
இதை ஆக்னஸிடம் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன்.
இங்கே நான் இல்லாததற்குத்தான் பெட்டி.
அதோடு, அந்தப் பிள்ளைகளுக்கு
எடை கூடினால் விடுதலை.
சுக்குக்கு ஏற்கெனவே பதினெட்டு கிலோ.

பழைய போனை ஒலிப்பதிவில் போட்டு
அலமாரி மேல் வைத்துவிட்டுப் போவேன்.
காலைப் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்பேன்.
முதல் இரவு: நாற்பது நிமிடம் அழுகை,
கம்பியில் பல், பிறகு ஒரு பெருமூச்சு,
மனுசர் விடுகிற மாதிரியே.
நாலாம் இரவு: ஏழு நிமிடம்.
பத்தாம் இரவு: குறட்டை.
தேறிவிட்டது என்று நினைத்தேன்.
தேறியது யார் என்று
அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்றைக்கு ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
கொக்கியை மாட்டாமல் போய்விட்டேன்.

வழக்கம்போல் இன்று காலையும் கேட்டேன்.
ஒன்று இருபதுக்குக் கதவு கிறீச்சிடுகிறது.
ஆத்தங்குடிக் கல்லில் நகம்,
டக் டக் டக், வளவைச் சுற்றி.
நின்று மோப்பம். மறுபடி டக் டக்.
எண்ணிக்கொண்டே வந்தேன்,
எட்டு இடத்தில் நின்றது.
முற்றத்தில் தண்ணீர் நக்கும் சத்தம்.
நிலைப்பக்கம் போய்விட்டதோ என்று
பஸ்ஸிலேயே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
போகவில்லை.
ஒன்று ஐம்பதுக்கு அதே கிறீச்.
தட்டின் மேல் உடம்பு விழும் ஓசை.
அப்புறம் குறட்டை.

பார்த்தாயா ஆக்னஸ், தானே போய்ப் படுக்கிறது
என்று போனை எடுத்தேன்.
அனுப்புவதற்குள் புதுவயல் வந்தது, பள்ளத்தூர் வந்தது,
இறங்கி நடந்து பூட்டைத் திறந்தேன்.

கூண்டுக் கதவு ஒரு சாண் விலகிக் கிடக்கிறது.
சுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.
வால் மட்டும் கம்பியில் அடித்து அடித்து ஆடுகிறது.
"வாடா" என்றேன்.
வாசலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.
"வாடா சுக்கு, திறந்துதானே இருக்கு."
முன்கால் ஒன்று தூக்கி
அப்படியே வைத்துக்கொண்டது.

கதவை இழுத்துச் சாத்தினேன்.
கொக்கியை மாட்டினேன்.
அதற்குக் கேட்கிற மாதிரி
சத்தமாகக் கழற்றினேன்.

பாய்ந்து வந்து என் கழுத்தெல்லாம் நக்கியது.