கொட்பே, இரவுமுறை

மூக்கை நம்பாதே என்று
முதல்நாளே சொல்லிவிட்டார்கள்.
மீன்கழிவு வாயுவில் கந்தகம் கூடினால்
மூக்குத்தான் முதலில் செத்துப்போகுமாம்.

அதற்குத்தான் இந்தப் பெட்டி.
கந்தகம் சும்மா கேட்டால் வாய் திறக்காது.
கொஞ்சம் எரித்து
அகச்சிவப்பின் முன்னே நிறுத்த வேண்டும்.
எவ்வளவு ஒளியைத் தின்றதென்று
முள் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு பத்துக்கு முள் அசைந்தது.
எரிகலத்தின் பிளாட்டினம் நஞ்சாகுமுன்
வால்வைப் பூட்டினேன்.
ஐஸ் அறை இருண்டது.

சம்மாட்டி மரியதாசன் ஓடிவந்தார்,
சட்டை முழுக்கச் செதில்:
"ஒரு மணமும் இல்லையே, ஜெஸீமா!
என்ர பாரைக்கு ஆர் பொறுப்பு?"

பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்றேன்
வடிகட்டியைக் கழற்றியபடி.

டோர்ச்சை வாங்கிக்கொண்டு
அவர் எண்ணத் தொடங்கினார்,
மீன்பெட்டிகளை.