மூடும் விலை

டொராண்டோவில் சந்தை ஒன்பதரைக்குத் திறந்தால்
வினிப்பெக்கில் எட்டரை.
இரவு முழுக்கப் பாண் சுட்ட கையோடு
நான் வந்து சப்பாத்துக் கழற்றும் நேரம்.
சுகிர்தா தொப்பிக்குள் காதை ஒளித்துக்கொண்டு
பெம்பினா வீதி பஸ்ஸுக்கு ஓடுவாள்.
வெளியே சைபருக்குக் கீழே இருபத்தொன்பது.
அடுப்புக்குப் பக்கத்து மேடையில் விரித்த கணினியில்
அவளுடைய வங்கி
பச்சையும் சிவப்புமாய் மெழுகுதிரி ஏற்றத் தொடங்கும்.

ஒரு திரி ஒரு நாள்.
அவற்றின் மேல் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
ஐம்பது நாள் சராசரி நீலம், எதற்கும் பதறும்.
இருநூறு நாள் சராசரி மண்ணிறம்.
அதற்குக் காது மந்தம்,
போன மாரியின் சரிவை இன்னும் மென்றுகொண்டிருக்கும்.
நீலம் கீழிருந்து ஏறி மண்ணிறத்தை வெட்டினால்
அதற்குப் பெயர் கோல்டன் கிராஸ்.
ஏழு மாதம் காத்திருந்தேன்.

"உன்ர வங்கி எப்படிப் போகுது?"
வேலைக்குக் கிளம்புமுன் சோற்றுக்கு மேலால் கேட்பேன்.
"உள்வீட்டுக் கதை கேளாதேங்கோ" என்பாள்.
பிறகு தானாகவே சொல்வாள், அது செய்தி என்று நினைக்காமல்:
கவுண்டரில் மூன்றாவது கதிரையை எடுத்துவிட்டார்கள்,
கோப்பி மெஷின் பழுது, திருத்த ஒருவரும் வரவில்லை,
பென்ஷன் எடுக்கும் உக்ரேனியக் கிழவர் மட்டும்
வெள்ளிக்கு வெள்ளி வந்து
தாளை இரண்டு தரம் எண்ணச் சொல்கிறார்.
நான் தலையாட்டிக்கொண்டு
பொலிஞ்சர் பட்டை ஒடுங்குவதைப் பார்த்தேன்.
பட்டை ஒடுங்கினால் ஏதோ நடக்கப் போகிறது.
என்ன என்று பட்டை சொல்லாது.

மாசி பதினொன்று. நீலம் வெட்டியது.
அறுபத்தொரு டொலர் இருபது சதம், நாற்பது பங்கு.
அவளிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கார் டயரைக் காட்டியிருப்பாள்.

மூன்றாம் கிழமை, ஒரு வியாழன்,
புதுத் திரி நேற்றைய நுனியைத் தொடாமலே
அந்தரத்தில் பிறந்தது.
அறுபத்தாறு ஐம்பது.
அதன் அடியில் அன்றைய வர்த்தகத் தூண்
வெறும் பனிவெளியில் நிற்கும் தானியக் களஞ்சியம் மாதிரி,
பக்கத்தில் நின்றதெல்லாம் வேலிக் கட்டை.
சமையலறையில் தனியே நின்று கைதட்டினேன்.
பிறகுதான் செய்தியை வாசித்தேன்.
செலவுக் குறைப்பு. முப்பத்தொரு கிளைகள்.
முதலீட்டாளர் வரவேற்பு.
பட்டியல் மாகாண வாரியாக இருந்தது.
மனிட்டோபா வரும்வரை
விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

மத்தியானமே வந்துவிட்டாள்.
கடைப் பை ஒன்றில் பெயர்ப்பலகை, ஒரு கள்ளிச் செடி,
தாள் எண்ணும் ரப்பர் விரலுறை.
சப்பாத்துக் கழற்றாமல் திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.
பனி உருகித் தரையில் சொட்டியது,
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"இது என்ன?"
விரல் நீலத்தைத் தொட்டது.

சொன்னேன். நாற்பது பங்கையும் சொன்னேன்.
"எவ்வளவு லாபம்?"
"இருநூற்றுப் பன்னிரண்டு."
"எடுத்துத் தாங்கோ. எண்ணிப் பாக்கிறன்."
"வித்தால்தான் காசு, சுகி."
ஆர்.எஸ்.ஐ. எழுபத்தெட்டில் நின்றது.
எழுபதைத் தாண்டினால் வாங்கினவர்கள் களைத்துவிட்டார்கள்,
விற்பதற்கு நேரம் என்று கணக்கு.
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்
அதையும் அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

கேட்டாள். விரலுறையைப் பையிலிருந்து எடுத்து
கட்டைவிரலில் மாட்டி
மேசையில் இரண்டு தரம் ஒற்றினாள்,
யாரோ கண்ணாடிக்கு அடியால் தாள் நீட்டியது போல.

"விக்காதேங்கோ" என்றாள்.
"மற்றக் கிளையளுக்கும் இப்ப கிழவர்மார்தான் வருகினம்.
இன்னும் மூடுவினம்.
ஏறும்."